பால் கறந்து வரும்வரை ஒரு பேச்சு

ஊரின் பெயர் கிழக்கு டோல்மன். மேற்கு டோல்மன் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லை வேலியை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தோடு ஊர் முடிந்துவிடும். மனிதர்களைவிட மாடுகள் அதிகம். மாடுகளுக்கு வாக்குரிமை கிடையாது என்றாலும் ஊர் நிர்வாகத்தில் அவற்றின் கை ஓங்கியே இருக்கும். எப்படி என்று போகப் போகத் தெரியும்.

இந்த ஊர்ப் பள்ளியில் இருபத்தேழு வருடமாகச் சமைப்பவள் ஒடீல் ரென்வில். ஆள் குள்ளம், குரல் பெரிசு. பள்ளியில் மொத்தம் முப்பத்தெட்டு பிள்ளைகள். முப்பத்தெட்டு பேரில் யாருக்கு வெங்காயம் ஆகாது, யார் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து மேஜைக்கடியில் ஒட்டிவைப்பான், யாருக்கு வீட்டில் அப்பா அம்மா சண்டை என்றால் இரண்டு கிண்ணம் சூப் இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேருக்கும் அவள்தான் பரிமாறியிருக்கிறாள். அதனால் ஊரில் யார் எவ்வளவு பெரிய ஆளாக வளர்ந்தாலும் ஒடீல் முன்னால் கொஞ்சம் குனிந்தே நடப்பார்கள்.

அவள் பிறந்தது வேலிக்கு அந்தப் பக்கம், கியூபெக்கில். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் மெர்ல் ரென்வில்லின் கிடேரி ஒன்று வேலி தாண்டி ஒடீலின் அப்பா நிலத்துக்குள் போய்விட்டது. பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. மெர்ல் போய் மன்னிப்புக் கேட்டு ஓட்டிவந்தான். மறுவாரம் கிடேரி திரும்பவும் போனது, திரும்பவும் போய் மன்னிப்புக் கேட்டான். மூன்றாம் முறை கிடேரி தொழுவத்தில் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது, மெர்ல் மட்டும் தலையைப் படிய வாரிக்கொண்டு போனான். ஒடீலின் அப்பா, "மாடு எங்கப்பா?" என்று கேட்டாராம். ஒடீல்தான் சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்தாள். அந்த வருடமே கல்யாணம்.

கல்யாணமாகி வந்தவள் கிரீன் கார்டு என்கிற பச்சை அட்டையோடு இருந்துவிட்டாள். குடியுரிமைக்கு மனுப் போடு என்று மெர்ல் வருடா வருடம் சொல்லுவான். "மாண்ட்ரியால் ஹாக்கி டீமை விட்டுட்டு பாஸ்டன் டீமுக்குக் கை தட்டச் சொல்லுவாங்க. என்னால முடியாது" என்பாள். அப்படி ஒரு சட்டமே இல்லை என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். உண்மையில் அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அடுப்பு அவளுடையது, கரண்டி அவளுடையது. வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருந்தாள்.

இந்த நினைப்பெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு ஊர்க்கூட்டத்தில் ஒரே நிமிடத்தில் தூள் தூளானது.

மார்ச் மாத முதல் செவ்வாய் எங்களுக்கு ஊர்க்கூட்டம். சாலைக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு, நாய் வளர்க்க என்ன கட்டணம் என்று எல்லாவற்றையும் ஊரே பள்ளியின் பெரிய கூடத்தில் கூடி உட்கார்ந்து பேசி, திட்டி, கையைத் தூக்கி முடிவு செய்யும். எங்களுக்குப் பதிலாகப் பேச யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை, நாங்களே போய்விடுவோம். மதியச் சாப்பாடு ஒடீல் கைவண்ணம். பட்டாணி சூப், பன்றி இறைச்சி, சூடான ரொட்டி, மேப்பிள் பாகு ஊற்றிய ‘பை’ என்கிற இனிப்புப் பலகாரம். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜனநாயகத்துக்காக வருகிறார்கள், மீதிப் பேர் அந்தப் பலகாரத்துக்காக.

கூடத்தின் ஓரத்தில் வாக்கில்லாதவர்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. அதில் ஒடீல், ஸ்காட்லாந்திலிருந்து வந்த பியானோ பழுதுபார்ப்பவர், பள்ளிப் பிள்ளைகள். இவர்கள் கூட்டத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால் சபையில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். எழுந்து நின்று எண்ணும் வாக்கெடுப்பு வந்துவிட்டால், கூட்டத்தலைவர் ஹாலிஸ் ஃபார்னம் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, "வாக்காளர் மட்டும்!" என்று குரல் கொடுப்பார். உடனே பெஞ்சு மொத்தமும் எழுந்து, எண்ணிக்கை குழம்பிவிடாமல், பக்கத்துச் சமையலறைக்குள் போய்விட வேண்டும். பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போவது ஒடீலின் வேலை. போன கையோடு சூப்பையும் ஒரு கிளறு கிளறிவிடுவாள். இருபத்தேழு வருடப் பழக்கம் இது.

அந்த வருடம் பிள்ளைகளின் பால் பற்றி ஏதோ பேச்சு வந்தது. தவறான தகவல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒடீல் கரண்டியும் கையுமாக எழுந்து, "அது அப்படியில்ல, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.

"தலைவரே, ஆட்சேபம்!" என்று எழுந்தார் பிரெஸ்கட் லாத்ரப். காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருடம் புள்ளிவிவரம் போட்டு ஓய்வுபெற்று, கனெக்டிகட்டிலிருந்து வந்து குடியேறியவர். வந்து ஒன்பது வருடமாகியும் ஊர் அவரைப் புது ஆள் என்றே சொல்லும். "அந்தம்மா வாக்காளர் இல்ல. சபை அனுமதி வேணும்."

விதி விதிதான். சபையைக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று பேர் குறைந்தது. மூன்று பேர்! இருபத்தைந்து வருடம் அவள் கையால் சாப்பிட்டவர்களில் மூன்று பேர் அந்த நேரம் பார்த்துக் குளிரில் உறைந்த கார் சூடாகிறதா என்று பார்க்க வெளியே போயிருந்தார்கள். ஒடீல் உட்கார்ந்தாள். முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது. அவமானம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை.

மறுநாள் காலை மனுப் போட்டாள்.

குடியுரிமைத் தேர்வுக்கு நூறு கேள்விகள். ஒடீல் நூறையும் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தாள். போதாதென்று எட்டாம் வகுப்புக் குடிமையியல் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நெட்டுருப் போட்டாள். சாப்பாட்டு வரிசையில் புதுச் சட்டம் வந்தது. இரண்டாம் தடவை பரிமாற வேண்டுமா? அப்படியானால் ஒடீலிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"செனட்டர் எத்தனை பேரு, ஒடீல் அத்தை?"

"நூறு! உருளைக்கிழங்கு வேணுமா?"

"ஜனாதிபதி கையெழுத்துப் போட மாட்டேன்னா அதுக்கு என்ன பேரு?"

"வீட்டோ! இந்தா, கேரட்டுக்கு வீட்டோ கெடையாது, தின்னு."

ஒரு வருடத்தில் அவள் தேறினாளோ இல்லையோ, முப்பத்தெட்டு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். தேர்வு நடத்திய அதிகாரி ஆறு கேள்வி கேட்டார், ஆறுக்கும் சரியான பதில். "போதும்மா, பாஸ்" என்றார். ஒடீல் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஆறுதானா? மீதி தொண்ணூத்திநாலையும் கேளுங்க சார். ராத்திரி பகலா படிச்சிருக்கேன்" என்றாள். அதிகாரி கெஞ்சி அனுப்பிவைத்தார். போன அக்டோபரில் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு வந்தாள். வருகிற வழியெல்லாம் மெர்லிடம் கூட்டாட்சியைப் பற்றி விளக்கம். மெர்ல் ரேடியோவைப் போட்டான், அவள் அணைத்தாள்.

இந்த வருட மார்ச்சில்தான் அவளுக்கு வாக்காளராக முதல் ஊர்க்கூட்டம். வாசலில் ஊர் எழுத்தர் வெர்னா பட்டியலை விரித்து, அடிக்கோலை வைத்து, ரென்வில், ஒடீல் என்ற பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டாள்.

"இன்னொரு தடவ போடு வெர்னா. கண்ணாடி போட்டுப் பாத்துக்கறேன்."

"ரெண்டு டிக் போட்டா அது தேர்தல் மோசடி. போய் உக்காரு."

ஓரத்துப் பெஞ்சில் இல்லை, நடுக்கூடத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கால் தரையில் படவில்லை. குள்ளம் என்பதால் எப்போதும் படாதுதான். அன்றைக்கு இரண்டு காரணம்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தின் அடியில் ஒரு முள் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் பதினேழாம் பொருள்: பள்ளிச் சமையலறையைத் தொடர்ந்து நடத்த ஊர் பணம் ஒதுக்குவதா, வேண்டாமா? சிறிய பள்ளிகளுக்கெல்லாம் இனி பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் தட்டு வரும், உங்களுக்கென்று தனி அடுப்பு வேண்டுமானால் உங்கள் ஊரே செலவு செய்துகொள்ளட்டும் என்று வட்டாரப் பள்ளி வாரியம் எழுதியிருந்தது. மாதிரிக்கு ஒரு தட்டும் அனுப்பியிருந்தார்கள். மேலே பிளாஸ்டிக் காகிதம், உள்ளே மூன்று குழி, ஒன்றில் கோழி. ஒடீல் அதைப் பிரித்துத் தின்று பார்த்தாள். அந்தக் கோழியைக் கோழியின் தாயே வந்தாலும் அடையாளம் காட்ட முடியாது. ஆதரவுப் பக்கம் தோற்றால் ஜூன் மாதத்தோடு அவள் அடுப்பு அணையும்.

ஊரில் ஆதரவு இருந்தது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் மொத்தமும் அவள் பக்கம். வரி ஏறும் என்று பயந்தவர்கள் லாத்ரப் பக்கம். எண்ணிப் பார்த்தால் இழுபறிதான். ஆனால் காலையிலிருந்து பொருள் எட்டிலேயே வண்டி நின்றுவிட்டது. சாலை சமன் செய்யும் இயந்திரத்துக்குப் புதுச் சக்கரமா, பழைய சக்கரமா? வருடா வருடம் இதே சக்கரம், இதே சண்டை. சாப்பாட்டுக்குப் பிறகும் அது ஓடி, பதினேழாம் பொருளை ஹாலிஸ் படித்தபோது மணி மூன்று இருபது.

மூன்றரைக்குப் பால் கறக்கப் போக வேண்டும். அரசியல் சாசனம் திருத்தப்பட்டாலும் படும், கறவை நேரம் மாறாது. பண்ணைக்காரர்கள் பத்தொன்பது பேரும் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார்கள். லாத்ரப் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை ஒடீல் பார்த்துவிட்டாள்.

மெர்ல் தொப்பியை எடுத்துக்கொண்டு அவள் பக்கமாகக் குனிந்தான். "நான் என்ன பண்ணுவேன் ஒடீல்? மடி வெடிச்சிரும்."

"எப்ப வருவ?"

"ஓடி ஓடிக் கறந்தாலும் அஞ்சே முக்கால் ஆயிரும்."

பத்தொன்பது பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். கதவு மூடியதும் லாத்ரப் எழுந்தார். "தலைவரே, இதுல பேச என்ன இருக்கு. விவாதத்தை முடிச்சு வாக்கெடுப்புக்கு விடணும்னு கேட்டுக்கறேன்."

விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கை தூக்கச் சொன்னார்கள். லாத்ரப் பக்கம் பாதிக்குமேல் இருந்தது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒடீலை உட்காரவைத்த அதே கணக்கு இப்போது லாத்ரப்பை உட்காரவைத்தது.

"அப்ப விவாதம் தொடருது. யார் பேசறீங்க?" என்றார் ஹாலிஸ்.

கூடத்துச் சுவரில் பலகை ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரின் பேச்சு விதிகள் மூன்று அதில் எழுதியிருக்கும். எழுந்தவர் உட்காரும்வரை பேச்சு அவருடையது. பொருளை விட்டு விலகக் கூடாது. அடுத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. ஒடீல் முதல் விதியைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். குடிமையியல் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் கண்முன்னே விரிந்தது. ஃபிலிபஸ்டர்! செனட்டில் எண்ணிக்கை குறைந்த பக்கம், வாக்கெடுப்பே வராமல் பேசியே இழுத்தடிக்கும் வித்தை.

எழுந்தாள். "தலைவரே, நான் கொஞ்சம் பேசணும்."

"பேசுங்க. இப்பத்தான் நீங்க வாக்காளராச்சே" என்றார் ஹாலிஸ். வாரநாட்களில் மரம் அறுக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவர் அவர். நல்ல மனுஷன், எதிரே வரப்போகும் இரண்டரை மணி நேரம் அவருக்கு அப்போது தெரியாது.

"நம்ம அரசியல் சாசனம் என்ன சொல்லுது? எல்லா அதிகாரமும் ஒருத்தர் கையில இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. சட்டம் போடறது காங்கிரசு சபை. நடத்தறது ஜனாதிபதி. சரியா தப்பான்னு பாக்கறது கோர்ட்டு. அதிகாரப் பிரிவினை."

"பொருளுக்குச் சம்பந்தமில்ல, தலைவரே!" லாத்ரப்.

"சம்பந்தம் இருக்காம்மா?" ஹாலிஸ்.

"இதோ வந்துட்டேன். என் சமையலறையிலயும் அதேதான். மெனு போடறது ஹெட்மாஸ்டர். சமைக்கிறது நான். தீர்ப்பு சொல்றது ஒண்ணாங்கிளாஸ். வண்டியில வர்ற தட்டுக்கு எங்கேங்க கோர்ட்டு? யார்கிட்டப் போய் அப்பீல் பண்றது, டிரைவர்கிட்டயா?"

கூடம் சிரித்தது. சம்பந்தம் இருக்கிறது என்று ஹாலிஸ் தீர்ப்பளித்தார்.

அதற்கப்புறம் அவளுக்கு ஏறிவிட்டது. வீட்டோவுக்கு வந்தாள். ஒரு வருடம் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் டர்னிப் கிழங்கை வீட்டோ செய்தது. வீட்டோவை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது சாசனம். ஆகவே வெண்ணெய் போட்டாள், மறுநாள் மூன்றில் இரண்டு பங்கு தட்டு காலி. தங்களுக்குச் சாதகமாகத் தொகுதியை வளைத்து வெட்டுவது என்றால் என்ன? ஐந்தாம் வகுப்புப் பயல்கள் புட்டிங் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வரும்படி தங்கள் மேஜையைப் பாம்பு வால் மாதிரி நீட்டிப் போட்டார்களே, அதுதான். லாபி என்றால்? சாக்லேட் பால் வேண்டுமென்று அவள் முந்தானையைப் பிடித்துத் தொங்கியவர்களின் கூட்டம். முந்தானை என்று நான் சொல்கிறேன், அவள் கட்டியிருந்தது ஏப்ரன்.

பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் சொல்லவில்லை. "மூணாவது வரிசையில, செவப்பு ஸ்வெட்டர் போட்டு, இப்ப நம்ம சாலைக்கெல்லாம் பொறுப்பா இருக்கற ஒருத்தரு, ரெண்டாங்கிளாஸ்ல பட்டாணிய சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெப்பாரு. அவங்கம்மா துணி துவைக்கும்போது மொளை விட்டிருந்துச்சாம்." மூன்றாவது வரிசையில் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றுதான். அது ஸ்வெட்டரைவிடச் சிவந்துபோனது. பின்னல் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் கண்ணி தவறவிட்டார்கள். பியானோக்காரர் பெஞ்சிலிருந்து வழுக்கி விழப் பார்த்தார். வீட்டுக்குக் கிளம்பியிருந்த இரண்டு பேர் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். யாரைப் பற்றி அடுத்ததாக வரும் என்று தெரியாமல் எப்படிப் போவது?

நாலரைக்குத் தொண்டை கட்டியது. தண்ணீர் குடிக்கப் பயம். குடித்தால் வெளியே போக வேண்டிவரும், போனால் பேச்சு போய்விடும். ஐந்துக்குக் கால் மரத்தது. ஐந்தேகாலுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இருபத்தேழு வருட மெனு முடிந்துவிட்டது. ஒடீல் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. லாத்ரப் எழத் தயாராகக் கையை நாற்காலியில் ஊன்றினார். அரை நிமிடத்தில் அடுப்பு போகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஓரத்துப் பெஞ்சைப் பார்த்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செனட்டர் எத்தனை பேரு?" என்றாள்.

"நூறு!" என்று பெஞ்சு மொத்தமும் கத்தியது.

டொக்! "வாக்கில்லாதவங்க பேசக் கூடாது!" என்றார் ஹாலிஸ்.

"அவங்க பேசலைங்க தலைவரே, பழக்கதோஷம். இதெல்லாம் என் சாப்பாட்டு வரிசையில கத்துக்கிட்டது. வண்டித் தட்டு கத்துக் குடுக்குமா? பொருளுக்குச் சம்பந்தம் இருக்கு. ஒரு செனட்டருக்கு எத்தனை வருஷம்?"

"ஆறு!" இந்த முறை கத்தியது பின்னல்காரப் பெண்கள். அவர்கள் வாக்காளர்கள், ஹாலிஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"சாசனத்தோட மொத மூணு வார்த்தை?"

"மக்களாகிய நாங்கள்!" தமிழில் இரண்டு வார்த்தை, அங்கே மூன்று. கூரையில் இருந்த பனி சரிந்து விழும் அளவுக்குச் சத்தம்.

"கீழ்சபையில எத்தனை பேரு?"

"நானூத்தி முப்பது!" என்றது யாரோ ஒரு ஆண் குரல்.

"முப்பத்தஞ்சு!" என்று துள்ளினார் லாத்ரப். "நானூத்தி முப்பத்தஞ்சு! தப்பா சொல்லாதீங்கய்யா!" சொன்ன பிறகே தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். கூடம் கைதட்டியது.

எண்பத்திரண்டாம் கேள்வியில் கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸும் சாணி வாசனையுமாகப் பத்தொன்பது பேர் உள்ளே வந்தார்கள். மெர்ல் மூச்சிரைக்கத் தொப்பியைக் கழற்றி அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

"அவ்வளவுதான், தலைவரே" என்றாள் ஒடீல். "ரொம்ப நேரம் எடுத்துக்கல இல்ல?"

நின்று எண்ணும் வாக்கெடுப்பு வேண்டும் என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். ஹாலிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சுத்தியலால் தட்டினார்.

"வாக்காளர் மட்டும்!"

பெஞ்சு எழுந்தது. பிள்ளைகள் சமையலறையை நோக்கி நடந்தார்கள். ஒடீலின் கால்கள் அவளைக் கேட்காமலே பின்னால் போயின. கதவைச் சாத்தினாள். ராத்திரி ஆகிவிடும் என்று மதியமே ஏற்றிவைத்திருந்த சூப்பைக் கிளறினாள். ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அப்பாடா! உலகத்தில் உட்காருவதைப்போலச் சுகம் வேறு இல்லை என்று தோன்றியது.

பரிமாறும் ஜன்னலின் கதவு அரைவாசி திறந்திருந்தது. எண்ணுவது கேட்டது.

"ஆதரிக்கிறவங்க எழுந்திரிங்க... அறுபத்தொண்ணு. உக்காருங்க. எதிர்க்கிறவங்க எழுந்திரிங்க..."

நீண்ட நேரம். ஒடீல் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அறுபத்தொண்ணு."

சரிசமம். சரிசமம் என்றால் தோல்வி, அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு வாக்கு. ஒரே ஒரு வாக்கு! எவன் அந்த ஒருத்தன்? பல் டாக்டரிடம் போனானா, தூங்கப் போனானா? இரண்டரை மணி நேரம் ஒருத்தி தொண்டை கிழியப் பேசியிருக்கிறாள், எழுந்து நிற்க வலிக்கிறதா அவனுக்கு? கையில் கிடைத்தால் இந்தக் கரண்டியாலேயே போட்டுவிடுவேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிள்ளைகள் பயந்து ஒதுங்கினார்கள்.

ஹாலிஸ் சுத்தியலைத் தூக்கினார்.

"தலைவரே, ஒரு நிமிஷம்." லாத்ரப்பின் குரல். "வாசல்ல பட்டியல்ல இன்னிக்கு டிக் ஆனது நூத்திருபத்திமூணு பேரு. நான் காலையிலேர்ந்து குறிச்சு வெச்சிருக்கேன். யாரும் வீட்டுக்குப் போகல, பால் கறக்கப் போனவங்களும் திரும்பி வந்தாச்சு. நீங்க எண்ணினது நூத்திருபத்திரெண்டு. ஒரு ஆள் கொறையுது."

"பிரெஸ்கட், வாய மூடு!" என்றார் அவர் பக்கத்து ஆள்.

"மூட மாட்டேன். என்னோட வாக்கு எதிர்ப்புதான், நாளைக்கும் எதிர்ப்புதான். ஆனா எண்ணிக்கை தப்பா இருந்தா என்னால ராத்திரி தூங்க முடியாது. இன்னும் முடிவு அறிவிக்கல. அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேக்கணும், தலைவரே."

கூடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. வெர்னா பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. வெர்னா மெதுவாகத் தலையைத் தூக்கிப் பரிமாறும் ஜன்னலைப் பார்த்தாள். மெர்ல் பார்த்தான். பிறகு மொத்தக் கூடமும் பார்த்தது.

ஜன்னலுக்குள் கரண்டியோடு ஒரு முகம். அந்த முகம் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள்.

"ஐயையோ" என்றாள் ஒடீல்.

கூடம் வெடித்துச் சிரித்தது. மெர்ல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். ஹாலிஸ் சிரிப்பை அடக்கி அடக்கித் தோள் குலுங்க, கூட்டத்தலைவருக்குரிய குரலை எப்படியோ வரவழைத்தார். "ரென்வில் அம்மா. பதினேழாம் பொருள்ல உங்க நிலை என்னன்னு சபைக்குத் தெரியாது. நீங்க ஆதரவா, எதிர்ப்பா?"

"தெரியாதா?"

"விதிப்படி தெரியாது. ஆதரிச்சா வெளிய வந்து எழுந்து நில்லுங்க."

"இருங்க. ஷூ மாட்டிக்கறேன். மொத வாக்கு, வெறுங்காலோட போட மாட்டேன்."

நூற்றிருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் ஒரு ஷூவை அடுப்புக்கடியிலிருந்து தேடி எடுத்தாள். முடிச்சுப் போட்டாள், சரியாக விழவில்லை என்று அவிழ்த்து மறுபடி போட்டாள். ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து, நடுக்கூடத்தில் தன் மடக்கு நாற்காலிவரை நடந்து வந்து, வேண்டுமென்றே ஒரு கணம் அதில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அறுபத்திரெண்டு" என்றார் ஹாலிஸ். சுத்தியல் விழுந்தது.

சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று. பண்ணைக்காரர்கள் பூட்ஸால் தரையை உதைத்தார்கள். லாத்ரப் தன் தாளில் 122-ஐ அடித்து 123 என்று எழுதி, அடியில் கோடு போட்டு, நிம்மதியாகப் பேனாவை மூடினார். அவருக்கு முதல் கிண்ணம் சூப் என்று ஒடீல் மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். பட்டாணி நிறையப் போட்டு.

ஹாலிஸ் பதினெட்டாம் பொருளைப் படிக்க ஆரம்பித்தார். நாய்க் கட்டணம். பாதி படித்தவர் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ரென்வில் அம்மா, அந்த வாக்கெடுப்பு முடிஞ்சிருச்சு. நீங்க உக்காரலாம்."

"தெரியுங்க, தலைவரே" என்றாள் ஒடீல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் நின்னுக்கறேனே."